எழுத ஓரிடம், படிக்கப் பல இடம்: ஏஎஃப்எஸ் வால்யூம் நகல்கள் பற்றி வாசகர் கேள்விகள்

ஓப்பன்ஏஎஃப்எஸ் பயன்படுத்தும் ஆய்வகங்களிலிருந்தும் கல்விக்கூடங்களிலிருந்தும் வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றுசேர்த்திருக்கிறோம். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ திட்டத்தில் 1980களில் உருவான கோப்பு முறை இது. டிரான்சார்க் நிறுவனம் வழியாக ஐபிஎம்மிடம் வந்து, 2000இல் திறமூலமாக வெளியானது. இதில் கோப்புகளும் அடைவுகளும் வால்யூம் என்ற தொகுப்புகளாக ஃபைல்சர்வர்களில் இருக்கும். எழுதக்கூடிய ரீட்-ரைட் மூலம் ஒன்று, படிக்க மட்டுமான ரீட்-ஒன்லி நகல்கள் பல. மூலத்தின் அப்போதைய நிலையை நகல்களுக்கு அனுப்புவதே ரிலீஸ். கேள்விகள் எல்லாமே ரீட்-ஒன்லி நகல்களைச் சுற்றியவை.

எங்கள் ஆய்வக மென்பொருள்கள் எல்லாம் 40 ஜிபி அளவுள்ள ஒரே வால்யூமில், முதல் ஃபைல்சர்வரில் இருக்கின்றன. இரண்டாவது சர்வரிலும் ரீட்-ஒன்லி நகல் வைக்க வேண்டும். எந்த வரிசையில் செய்வது?
– வாசகர், ஒன்-நார்த்

இரண்டாவது சர்வருக்குப் போகுமுன் ஒரு நகலை முதல் சர்வரிலேயே வையுங்கள். மூல வால்யூம் எந்தப் பார்ட்டிஷனில் இருக்கிறதோ அதே பார்ட்டிஷனில். பலர் இதை வீண் என்று விட்டுவிடுகிறார்கள், அது தவறு. அதே பார்ட்டிஷனில் உருவாகும் நகல் ஒரு குளோன். கோப்புகளின் தரவைப் படியெடுக்காமல், தரவு எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை மட்டும் எடுத்துக்கொள்ளும். அதனால் 40 ஜிபிக்கு இன்னொரு 40 ஜிபி தேவைப்படாது. அடுத்த ரிலீஸ் வரை நீங்கள் மாற்றும் அல்லது அழிக்கும் கோப்புகளின் பழைய வடிவம் மட்டுமே கூடுதல் இடம் பிடிக்கும். இந்தக் கூடுதல் இடம் வால்யூமின் கோட்டாவில் கணக்காகாது. பார்ட்டிஷன் நிரம்பும்போதுதான் தெரியவரும். எனவே ‘வோஸ் பார்ட்இன்ஃபோ’ போட்டு எவ்வளவு மீதமிருக்கிறது என்று அவ்வப்போது பாருங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. ரீட்-ஒன்லி பாதையில் வந்த கிளையன்ட் (சர்வரிலிருந்து கோப்புகளைப் பெறும் கணினி), ரீட்-ஒன்லி நகல்கள் ஒன்றுமே கிடைக்காவிட்டாலும் ரீட்-ரைட் மூலத்துக்குத் தாவாது. நகல் இரண்டாவது சர்வரில் மட்டும் இருந்து, அந்தச் சர்வர் நின்றுபோனால், மூலம் நலமாக இருந்தும் பயனீட்டாளர்கள் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

வரிசை இதுதான். ‘வோஸ் எக்ஸாமின்’ கட்டளையில் வால்யூமின் பெயரைக் கொடுத்து, அது எந்தச் சர்வரில், எந்தப் பார்ட்டிஷனில் இருக்கிறது என்று உறுதிசெய்யுங்கள். பெயர் 22 எழுத்துக்குள் இருக்க வேண்டும், ஏனென்றால் நகலுக்கு அதே பெயரின் பின்னால் ‘.ரீட்ஒன்லி’ என்ற ஒட்டு சேரும். அடுத்து ‘வோஸ் ஆட்சைட்’ இரண்டு முறை: முதல் சர்வரும் அதன் அதே பார்ட்டிஷனும் ஒருமுறை, இரண்டாவது சர்வரும் அதில் 40 ஜிபிக்கு மேல் காலியாக உள்ள பார்ட்டிஷனும் ஒருமுறை. இந்தக் கட்டளை தரவு எதையும் நகர்த்தாது. வால்யூம் இருப்பிடத் தரவுத்தளத்தில் (விஎல்டிபி) இடத்தைக் குறித்து வைப்பதோடு சரி. இப்போது ‘வோஸ் எக்ஸாமின்’ போட்டால் புதிய இடங்களுக்கு எதிரே ‘நாட் ரிலீஸ்ட்’ என்று வரும். கிளையன்ட்கள் இன்னும் அங்கே போகமாட்டா.

பிறகு ‘வோஸ் ரிலீஸ்’, கூடவே ‘-வெர்போஸ்’. தரவு உண்மையில் போவது இப்போதுதான். முதல் முறை 40 ஜிபியும் முழுதாகப் போகும். முடிந்ததும் ஒவ்வொரு கிளையன்டிலும் ‘எஃப்எஸ் செக்வால்யூம்ஸ்’ போடுங்கள். கிளையன்ட் தன்னிடமுள்ள வால்யூம் விவரத்தை ஏறத்தாழ மணிக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கும். நகலே இல்லாதிருந்த வால்யூமுக்கு முதன்முறை நகல் வரும்போது இந்தக் கட்டளையைத் தவிர்க்காதீர்கள்.

ஒரே சர்வரின் இரண்டு பார்ட்டிஷன்களில் ஒரே வால்யூமின் இரண்டு ரீட்-ஒன்லி நகல்களை வைக்க முடியாது. எல்லா நகல்களுக்கும் ஒரே வால்யூம் எண்தான் உண்டு. ஒரு ஃபைல்சர்வர் ஓர் எண்ணை ஒருமுறைதான் ஏற்கும் என்பதால் ‘வோஸ் ஆட்சைட்’ மறுத்துவிடும்.

நீங்கள் சொல்வது போலத்தான் செய்தோம். நகல்கள் இரண்டு இடத்திலும் இருப்பதாக ‘வோஸ் எக்ஸாமின்’ காட்டுகிறது. ஆனால் பராமரிப்புக்காக முதல் சர்வரை நிறுத்தியதும் எல்லாக் கணினிகளும் உறைந்துவிட்டன. நகலெடுத்து என்ன பயன்?
– வாசகர், ஜூரோங் கிழக்கு

நகலில் குறை இல்லை. உங்கள் கிளையன்ட்கள் நகலுக்குப் போகும் பாதையில் ஏறவே இல்லை.

கிளையன்ட் எந்த வடிவத்தை எடுக்கும் என்பதை, அது கடந்துவரும் மவுண்ட் பாயின்ட்களே, அதாவது அடைவு மரத்தில் ஒரு வால்யூம் இணைக்கப்படும் இடங்களே, தீர்மானிக்கின்றன. மவுண்ட் பாயின்ட் ஒரு ரீட்-ஒன்லி வால்யூமுக்குள் இருந்து, அது சுட்டும் வால்யூமுக்கும் ரீட்-ஒன்லி நகல் இருந்தால், கிளையன்ட் நகலுக்குப் போகும். மவுண்ட் பாயின்ட் ரீட்-ரைட் வால்யூமுக்குள் இருந்தால், கீழே எத்தனை நகல்கள் இருந்தாலும் ரீட்-ரைட் மூலத்துக்கே போகும். பாதையில் ஓரிடத்தில் ரீட்-ரைட்டில் கால் வைத்துவிட்டால், அதற்குக் கீழே உள்ள எல்லாமே ரீட்-ரைட்தான். ஆகவே அடியிலுள்ள மென்பொருள் வால்யூமை மட்டும் நகலெடுத்துப் பயனில்லை. ‘ரூட்.ஏஎஃப்எஸ்’ (/ஏஎஃப்எஸ் அடைவின் வால்யூம்), ‘ரூட்.செல்’ (உங்கள் செல்லின், அதாவது ஒரே நிர்வாகத்தின் கீழுள்ள ஏஎஃப்எஸ் தளத்தின், மேல்மட்ட வால்யூம்), நடுவிலுள்ள ஒவ்வொரு வால்யூம் என்று மேலிருந்து கீழ்வரை எல்லாவற்றுக்கும் ரீட்-ஒன்லி நகல் வேண்டும்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. /ஏஎஃப்எஸ் தொடங்கி ஒவ்வொரு படியாக இறங்கி, ஒவ்வொன்றிலும் ‘எஃப்எஸ் எக்ஸாமின்’ போடுங்கள். வால்யூம் பெயரின் இறுதியில் ‘.ரீட்ஒன்லி’ இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஒட்டு முதன்முதலில் எந்தப் படியில் காணாமல் போகிறதோ அங்கேதான் கோளாறு. அந்த வால்யூமுக்கு நகல் இல்லாமல் இருக்கலாம். அல்லது அதற்கான மவுண்ட் பாயின்டை யாரோ ‘-ஆர்டபிள்யூ’ சேர்த்து உருவாக்கியிருக்கலாம். ‘எஃப்எஸ் எல்எஸ்மவுண்ட்’ போட்டால் சாதாரண மவுண்ட் பாயின்டுக்கு முன்னால் ஹாஷ் குறியும், ரீட்-ரைட் மவுண்ட் பாயின்டுக்கு முன்னால் சதவீதக் குறியும் தெரியும். ‘எஃப்எஸ் வேர்இஸ்’ கட்டளை இரண்டு சர்வர்களின் பெயரையும் காட்டினால் நீங்கள் நகல் பாதையில் இருக்கிறீர்கள். ஒரே பெயர் வந்தால் இன்னும் இல்லை.

மேல்மட்ட வால்யூம்களை நகலெடுக்குமுன் ஒன்றை மறந்துவிடாதீர்கள். மேலிருந்து ரிலீஸ் ஆன பிறகு, நகல் உள்ள வால்யூம்கள் எதிலும் வழக்கமான பாதையில் எழுத முடியாது. எனவே முதலிலேயே, செல் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்து, ‘ரூட்.செல்’லுக்கு ரீட்-ரைட் மவுண்ட் பாயின்ட் ஒன்றை ‘எஃப்எஸ் எம்கேமவுண்ட் -ஆர்டபிள்யூ’ மூலம் உருவாக்கிக்கொள்ளுங்கள். நிர்வாகிகள் எழுதுவதெல்லாம் இந்தப் புள்ளிப் பாதையில், மற்றவர்கள் படிப்பதெல்லாம் புள்ளி இல்லாத பாதையில். கிளையன்ட்கள் ‘டைன்ரூட்’ வசதியோடு இயங்கினால் /ஏஎஃப்எஸ் அடைவைக் கிளையன்ட்டே உருவாக்கிக்கொள்ளும். புள்ளிப் பாதையும் தானாக வந்துவிடும். அந்த நிலையில் ‘ரூட்.செல்’லிலிருந்து தொடங்கினால் போதும்.

எல்லாம் சரியான பிறகும், சர்வர் விழுந்த அந்தக் கணத்தில் கிளையன்ட் ஒரு நிமிடம் அளவுக்குத் தேங்கும். பதில் வராது என்று உறுதிசெய்துகொண்ட பிறகே அடுத்த நகலுக்கு மாறும். அது இயல்பு. பராமரிப்பு நேரத்தை அறிவிக்கும்போது இதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். பயனீட்டாளர்கள் பதறிக் கணினியை அணைத்து ஏற்றமாட்டார்கள்.

புதிய வால்யூமுக்கு மவுண்ட் பாயின்ட் போட்டேன். எனக்குத் தெரிகிறது, மாணவர்களுக்குத் தெரியவில்லை.
– வாசகர், தோ பாயோ

நீங்கள் புள்ளிப் பாதையில் பார்க்கிறீர்கள், அவர்கள் நகலில் பார்க்கிறார்கள். மவுண்ட் பாயின்ட் இருக்கும் தாய் வால்யூமை ரிலீஸ் செய்யுங்கள். புதிய வால்யூமுக்கும் நகல் வைத்திருந்தால் அதை முதலில் ரிலீஸ் செய்துவிட்டுத் தாய் வால்யூமுக்கு வாருங்கள்.

ஒப்பந்த ஊழியர் ஒருவர் விலகினார். அடைவின் அணுகல் பட்டியலிலிருந்து அவர் பெயரை அன்றே நீக்கினோம். ஒரு வாரம் கழித்தும் அவர் கணக்கிலிருந்து கோப்புகளைப் படிக்க முடிந்திருக்கிறது. இது பாதுகாப்புக் குறைபாடா?
– வாசகர், ஈசூன்

கவலைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் மென்பொருள் பிழையல்ல, ரீட்-ஒன்லி நகலின் இயல்பு. அடைவுகளின் அணுகல் பட்டியலும் வால்யூமின் ஒரு பகுதி. ரிலீஸ் நடந்த நேரத்தில் பட்டியல் எப்படி இருந்ததோ அப்படியே நகலில் நிற்கும். நீங்கள் நீக்கியது மூலத்தில் மட்டும். நகல்களில் அவர் பெயர் அடுத்த ‘வோஸ் ரிலீஸ்’ வரை இருக்கும்.

எனவே நகல் உள்ள வால்யூமில் உரிமையைப் பறித்தால், பறித்த கையோடு ரிலீஸ் செய்வதை விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் நல்லது, அணுகல் பட்டியலில் தனிநபர் பெயர்களைச் சேர்க்காமல் குழுவின் பெயரைச் சேர்ப்பது. குழுவில் யார் இருக்கிறார் என்பது வால்யூமுக்குள் இல்லை. புரொடெக்‌ஷன் சர்வரின் தரவுத்தளத்தில் இருக்கிறது. ‘பிடிஎஸ் ரிமூவ்யூசர்’ மூலம் ஒருவரை நீக்கினால் ரிலீஸ் தேவையில்லாமலே எல்லா நகல்களுக்கும் பொருந்தும். ஃபைல்சர்வர் பழைய உறுப்பினர் பட்டியலைச் சிறிது நேரம் நினைவில் வைத்திருக்கும் என்பதால், அதே சமயத்தில் அவருடைய கெர்பராஸ் (உள்நுழைவு) கணக்கையும் முடக்கிவிடுங்கள்.

இவற்றுக்கெல்லாம் முன்னால், அந்த அடைவில் ‘சிஸ்டம்:எனியூசர்’ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். மென்பொருள் வால்யூம்களில் அதற்குப் படிக்கும் உரிமை கொடுத்து வைப்பது வழக்கம். அந்த வரி இருந்தால் யார் பெயரை நீக்கினாலும் பயனில்லை, அடையாளம் காட்டாதவர்கூடப் படிக்கலாம்.

ரிலீஸ் ஓடிக்கொண்டிருந்தபோது என் மடிக்கணினியின் இணைப்பு அறுந்தது. மறுபடி முயன்றால் ‘விஎல்டிபி என்ட்ரி ஏற்கெனவே பூட்டப்பட்டுள்ளது’ என்ற பொருளில் பிழை வருகிறது. ஒரு நகலுக்கு எதிரே ‘நியூ ரிலீஸ்’, இன்னொன்றுக்கு எதிரே ‘ஓல்ட் ரிலீஸ்’ என்று இருக்கிறது.
– வாசகர், புக்கிட் பாத்தோக்

தரவு ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்கு நேராகத்தான் போகிறது, உங்கள் மடிக்கணினி வழியாக அல்ல. ஆனால் அடுத்து எதைச் செய்வது என்று வழிநடத்துவது நீங்கள் இயக்கிய ‘வோஸ்’ கட்டளை. அது செத்துவிட்டால் வேலை பாதியில் நிற்கும், தொடக்கத்தில் போட்ட பூட்டும் அப்படியே இருக்கும்.

உடனே பூட்டை உடைக்காதீர்கள். இரண்டு சர்வர்களுக்கும் ‘வோஸ் ஸ்டேட்டஸ்’ போட்டு, அந்த வால்யூமில் ஏதாவது பணி இன்னும் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் காத்திருங்கள். ஒன்றும் இல்லை என்று உறுதியானதும் ‘வோஸ் அன்லாக்’, பிறகு மீண்டும் ‘வோஸ் ரிலீஸ்’. ‘முந்தைய ரிலீசின் நிறைவு’ என்ற பொருளில் ஒரு செய்தி வந்தால், அது விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது என்று அர்த்தம். பின்தங்கிய நகலுக்கு அன்று எடுத்த குளோனையே அனுப்பும். இடைப்பட்ட நேரத்தில் மூலத்தில் செய்த மாற்றங்கள் அதில் இருக்காது. எனவே முடிந்ததும் இன்னொரு முறை ரிலீஸ் செய்யுங்கள்.

இணைப்பு அறுந்ததற்கு மருந்து, சர்வரிலேயே, இணைப்பு அறுந்தாலும் தொடர்ந்து ஓடும் ‘ஸ்க்ரீன்’ அல்லது ‘டிமக்ஸ்’ அமர்வில் கட்டளையை இயக்குவது. இணைப்பு சரியாக இருந்தும் ரிலீஸ் அடிக்கடி பாதியில் நின்றால் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, தூரத்துச் சர்வரின் பார்ட்டிஷன் நிரம்பியிருக்கலாம். மற்றொன்று ஃபயர்வால். ஏஎஃப்எஸ் முழுவதும் யுடிபியில் ஓடுகிறது: ஃபைல்சர்வருக்கு 7000, கிளையன்டுக்கு 7001, புரொடெக்‌ஷன் சர்வருக்கு 7002, இருப்பிடச் சர்வருக்கு 7003, வால்யூம் சர்வருக்கு 7005. சர்வர்களுக்கு இடையே 7005 மூடியிருந்தால் ரிலீஸ் நடக்காது. 7001 பக்கம் மூடியிருந்தால் ரிலீஸ் நடக்கும், ஆனால் ‘மாறிவிட்டது’ என்ற கால்பேக் செய்தி கிளையன்டுக்குப் போய்ச் சேராமல், பழைய கோப்பையே நெடுநேரம் காட்டிக்கொண்டிருக்கும். யுடிபி இணைப்பை அரை நிமிடத்தில் மறந்துவிடும் ஃபயர்வால்களும் இதே தொல்லையைத் தரும்.

எங்கள் சென்னைக் கிளைக்கும் ஒரு நகல் வைத்தோம். இரண்டு சிக்கல்: ரிலீசுக்கு மணிக்கணக்கில் ஆகிறது, சென்னையில் இருக்கும் சில கணினிகள் பக்கத்துச் சர்வரை விட்டுவிட்டு சிங்கப்பூர்ச் சர்வரிலேயே படிக்கின்றன.
– வாசகர், தெம்பனிஸ்

சிங்கப்பூருக்குள் எந்த இரண்டு இடங்களுக்கும் இடையே தாமதம் ஓரிரு மில்லிவினாடிக்கு மேல் போகாது. தீவுக்குள் நகல் வைப்பது சர்வர் விழுந்தால் தாங்குவதற்கும் சுமையைப் பகிர்வதற்கும்தான். சென்னைக்குப் போய்வர 40 மில்லிவினாடி என்று கொள்ளுங்கள். ஏஎஃப்எஸ் பயன்படுத்தும் ஆர்எக்ஸ் நெறிமுறை, ஒப்புகை வருமுன் அதிகபட்சம் 32 பாக்கெட்களைத்தான் அனுப்பும். ஒரு பாக்கெட் சுமார் 1,400 பைட் என்றால், ஒரு சுற்றுக்கு 45 கிலோபைட். நொடிக்கு ஏறத்தாழ 1.1 மெகாபைட். உங்கள் இணைப்பு எவ்வளவு அகலமானாலும் ஒரு வால்யூமின் வேகம் இதைத் தாண்டாது. 2 ஜிபிக்கு அரை மணி நேரம், 40 ஜிபிக்கு பத்து மணி நேரம் ஆகும்.

ஆகவே பெரிய வால்யூமைச் சிறியவையாகப் பிரியுங்கள். ஒரு மென்பொருளின் ஒரு பதிப்புக்கு ஒரு வால்யூம் என்பது நல்ல அளவு. மாறியது எதுவோ அது மட்டும் போகும், பல வால்யூம்களை ஒரே நேரத்தில் அனுப்பவும் முடியும். முதல் ரிலீசுக்குப் பிறகு மாற்றங்கள் மட்டுமே போகின்றன என்றாலும் அந்தக் கணக்கு கோப்பு அளவில்தான். 3 ஜிபி கோப்பு ஒன்றில் ஒரு பைட் மாறினாலும் 3 ஜிபியும் போகும். பெரிய டார் கோப்புகள், டிஸ்க் இமேஜ்கள், தினமும் வளரும் லாக் கோப்புகள் இந்த வால்யூம்களில் இருக்கக் கூடாது. ‘-எஃப்’ சேர்த்தால் மாறாதவையும் சேர்ந்து முழுதாகப் போகும் என்பதால், நகல் சிதைந்துவிட்டது என்ற சந்தேகம் இருந்தாலொழிய அதைத் தொடாதீர்கள். மாறிய கோப்புகளை நேரக் குறிப்பை வைத்தே தேர்கிறது. எனவே எல்லாச் சர்வர்களிலும் கடிகாரத்தை ஒத்துவைக்கும் என்டிபி ஓடட்டும்.

இரண்டாவது சிக்கலுக்கு ‘எஃப்எஸ் கெட்சர்வர்பிரெஃப்ஸ்’ போட்டுப் பாருங்கள். எண் குறைவாக உள்ள சர்வரைக் கிளையன்ட் முதலில் நாடும். அதே கணினி என்றால் 5,000, அதே சப்நெட் என்றால் 20,000, அதே நெட்வொர்க் என்றால் 30,000, மற்றவை 40,000. அதோடு சிறு தற்செயல் எண் ஒன்று சேரும். ‘அதே நெட்வொர்க்’ என்பதைப் பழைய ஏ, பி, சி வகுப்பு முறையில்தான் கணக்கிடுகிறது. 10 என்று தொடங்கும் முகவரிகள் முழுவதும் ஒரே ஏ வகுப்பு. உங்கள் இரு ஊர்களும் 10இல் தொடங்கும் முகவரிகளைப் பயன்படுத்தினால் சென்னை, சிங்கப்பூர் இரண்டுக்கும் 30,000தான் விழும். பிறகு தற்செயல் எண்தான் தேர்வு செய்கிறது. சென்னைக் கணினிகளில் ‘எஃப்எஸ் செட்சர்வர்பிரெஃப்ஸ்’ மூலம் சென்னைச் சர்வருக்கு 10,000 கொடுங்கள். கணினியை மறுபடி ஏற்றினால் இது அழிந்துவிடும் என்பதால் தொடக்க ஸ்கிரிப்ட்டில் சேருங்கள்.

ரிலீசை மணிக்கொரு முறை தானாக ஓடவிடலாமா?
– வாசகர், சிராங்கூன்

தானாக ஓடவிடலாம், மணிக்கொரு முறை வேண்டாம். சர்வரில் ரூட்டாக, ‘-லோக்கல்ஆத்’ சேர்த்து, குறித்த நேரத்தில் கட்டளைகளை இயக்கும் கிரான் மூலம் ஓட்டினால் டோக்கன் (உள்நுழைவுச் சான்று) காலாவதியாகும் பிரச்சினை இல்லை. ஆனால் ஒவ்வொரு ரிலீசின்போதும் நகல் சிறிது நேரம் ஓய்வுக்குப் போகும், வால்யூம் முழுவதற்குமான கால்பேக்கும் முறியும். எல்லாக் கிளையன்ட்களும் மீண்டும் சர்வரைக் கேட்கத் தொடங்கும். ‘வோஸ் எக்ஸாமின்’ காட்டும் மூலத்தின் ‘லாஸ்ட் அப்டேட்’ நேரத்தையும் நகலின் ‘கிரியேஷன்’ நேரத்தையும் ஒப்பிட்டு, மாறியிருந்தால் மட்டும் ரிலீஸ் செய்யும் சிறு ஸ்கிரிப்ட் எழுதுங்கள். இங்கே நள்ளிரவு 1 மணி என்றால் சென்னையில் இரவு 10:30, இரு பக்கமும் அமைதியான நேரம்.

மேல்மட்ட ‘ரூட்’ வால்யூம்களை மட்டும் தானியங்கியில் சேர்க்காதீர்கள். அங்கே தவறான ஒரு மவுண்ட் பாயின்ட் ரிலீஸ் ஆனால் செல் முழுவதும் பாதிக்கும். சீனப் புத்தாண்டு போன்ற நீண்ட விடுமுறைக்கு முந்திய மாலையில் கையாலும் வேண்டாம்.

முதல் சர்வரின் வட்டு போய்விட்டது. மூல வால்யூம் அதில்தான் இருந்தது. ரீட்-ஒன்லி நகலை மூலமாக்க முடியுமா?
– வாசகர், உட்லண்ட்ஸ்

முடியும். முதலில் வட்டு உண்மையிலேயே போய்விட்டதா, சர்வர் மட்டும் நின்றிருக்கிறதா என்று பாருங்கள். சில மணி நேரத்தில் மீளும் என்றால் காத்திருப்பதே மேல். அதுவரை படிப்பவர்களுக்கு நகல் இருக்கிறது, எழுதுபவர்கள் மட்டுமே காத்திருப்பார்கள். கடைசி ரிலீசுக்குப் பிறகு எழுதிய எதுவும் நகலில் இல்லை. மாற்றினால் அதை இழப்பீர்கள்.

மாற்றுவதென்று முடிவானால், இரண்டாவது சர்வர், அதன் பார்ட்டிஷன், வால்யூம் பெயர் மூன்றையும் கொடுத்து ‘வோஸ் கன்வெர்ட்ஆர்ஓடுஆர்டபிள்யூ’ போடுங்கள். நகல் அப்படியே மூலமாக மாறிவிடும், தரவு எதுவும் நகராது. நகல் மூலமானதால் அங்கே இப்போது ரீட்-ஒன்லி இல்லை. உடனே அதே பார்ட்டிஷனுக்கு ‘வோஸ் ஆட்சைட்’ செய்யுங்கள். செத்த சர்வரின் நகல் இடத்தை ‘வோஸ் ரெம்சைட்’ மூலம் தரவுத்தளத்திலிருந்து நீக்குங்கள். பிறகு ‘வோஸ் ரிலீஸ்’, கிளையன்ட்களில் ‘எஃப்எஸ் செக்வால்யூம்ஸ்’. செத்த இடத்தை நீக்காமல் ரிலீஸ் போட்டால், இல்லாத சர்வரைத் தேடிக் காத்திருந்து அரைகுறையாக முடியும்.

பழைய வட்டு பின்னாளில் உயிர்பெற்று வந்தால், அதே எண்ணுடன் இன்னொரு மூல வால்யூம் அதில் இருக்கும். அதிலிருந்து மீட்க வேண்டிய கோப்புகள் இருந்தால், அந்தச் சர்வரைச் செல்லோடு இணைக்காமல் முதலில் மீட்டுக்கொள்ளுங்கள். பிறகு அந்தச் சர்வரையும் பார்ட்டிஷனையும் குறிப்பிட்டு ‘வோஸ் ஜாப்’ மூலம் அழியுங்கள். அதற்கு முன்னால் அங்கே ‘வோஸ் சிங்க்விஎல்டிபி’ போடாதீர்கள். எது உண்மையான மூலம் என்ற குழப்பம் தரவுத்தளத்துக்குள் புகுந்துவிடும்.

பயனீட்டாளர்களின் ஹோம் வால்யூம்களுக்கும் ரீட்-ஒன்லி நகல் வைத்தால் பேக்கப் வேலை மிச்சமாகுமே?
– வாசகர், பிடோக்

வேண்டாம். ஹோம் வால்யூமுக்குச் சாதாரண மவுண்ட் பாயின்ட் இருந்தால், நகல் வந்த மறுகணமே பயனீட்டாளர் தம் அடைவிலேயே எழுத முடியாமல் ‘ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்’ என்ற பிழையைச் சந்திப்பார். மேலும் இது பேக்கப்பும் அல்ல. இன்று தவறுதலாக அழித்த கோப்பு, இன்றிரவு ரிலீசில் எல்லா நகல்களிலிருந்தும் அழியும். ஹோம் வால்யூம்களுக்கு ‘வோஸ் பேக்கப்சிஸ்’ மூலம் தினமும் பேக்கப் குளோன் எடுங்கள். நேற்றைய கோப்பைப் பயனீட்டாளர் தாமே மீட்டுக்கொள்வார். அந்தக் குளோனும் அதே வட்டில்தான் இருக்கிறது என்பதால், ‘வோஸ் டம்ப்’ எடுத்து ஏஎஃப்எஸ்ஸுக்கு வெளியே, வேறு கட்டடத்தில் வையுங்கள். ‘வோஸ் ரீஸ்டோர்’ மூலம் அதை வேறு பெயரில் மீட்டு, கோப்புகள் திறக்கின்றனவா என்று மாதம் ஒருமுறை சோதியுங்கள்.